கொசுறு

பெக் ஹூன் நல்லவள்தான்.
கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து
ஒரு வரியை நகத்தால் தொட்டாள்:
"உன் சம்பளம் குறையவே இல்லை, பார்.
அடிப்படை அப்படியே இருக்கிறது."

இருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது வெள்ளி.
லிஃப்டுக்கு ஓடும் அவசரத்தில்
ஆறு வருடமாக நான் நின்று பார்க்காத
கீழ்த்தளம் போல.

போன வருடம் இதே மேசையில் வேறொரு தாள்.
அதன் அடியில் தடித்த எழுத்தில்
மொத்தம் நாற்பத்திரண்டாயிரம், வருடத்துக்கு.
அந்த எண்ணைத்தான் நாத்தனாரிடம் சொன்னேன்.
வீட்டுக் கடனுக்கு மனசுக்குள்
பன்னிரண்டால் வகுத்ததும் அதைத்தான்.
மூன்று விழுக்காடு உயர்வு என்றார்கள்;
எதில் என்று கேட்கவில்லை.

அதற்குள் என்னென்னவோ இருந்தன.
நாட்காட்டியில் இல்லாத பதின்மூன்றாம் மாதம்.
என் கையைத் தொடாமல் என் பெயரில் போய்
சேமநிதியில் உட்காரும் முதலாளி பங்கு.
கால் ஒடிந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் காப்புறுதி.
ஒருநாளும் விடுப்பு எடுக்காததற்கு நூறு.
துவாஸ் வரை போய்வர எண்பது.
அப்புறம் இரவு.
இரவு ஒன்றுக்கு முப்பத்திரண்டு.

புதன்கிழமை பலதுறை மருந்தகத்தில்
டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒரே வரி எழுதினார்: இரவு வேலை கூடாது.
பேனாவை மூடுவதற்குள்
மாதம் அறுநூற்று நாற்பது.

என் இரவுகளை ஃபௌசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
அவள் மன்னிப்புக் கேட்டாள்.
நான் என்ன சொல்வது,
அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

ஞாயிறு காலை தேக்காவில்
முருங்கைக்கீரைக் கட்டைச் சுற்றித் தந்துவிட்டு
கடைக்காரர் இரண்டு கொத்து கறிவேப்பிலையைச் செருகினார்.
எது விலை, எது மனசு என்று
அவருக்கும் தெரியும், வாங்குகிற எல்லாருக்கும் தெரியும்.
கறிவேப்பிலை கிடைக்காத நாளில்
யார் வீட்டிலும் அடுப்பு அணைந்ததில்லை.

நான்தான் ஆறு வருடம்
கொசுறை உலையில் போட்டுப் பொங்கியிருக்கிறேன்.
கீரையைவிடக் கறிவேப்பிலை கனக்கிறதே என்று
ஒருமுறையாவது
பையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

நேற்று ராத்திரி வீட்டில் உறங்கினேன்.
மூன்று மணிக்கு, பழக்கத்தில், விழிப்பு.
அந்நேரம் மாத்திரை அட்டைகள்
பெல்ட்டில் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்.
பக்கத்தில் கதிரேசனின் குறட்டை.
இத்தனை சத்தமா என்று இப்போதுதான் தெரிகிறது.
எதிர் பிளாக்கில் ஒரே ஒரு விளக்கு;
யாரோ நின்றபடி
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

போர்வையை இழுத்துக்கொண்டு
மறுபடி கண்ணை மூடினேன்.
முப்பத்திரண்டு வெள்ளி.