மோதல் வந்தால்

பழைய கிடங்குக்கு ஒரே ஒரு சொல் போதும்:
மாற்றிவை.
ஆள் இருந்தால் அழிக்கும், பிறகு புதிதாய் எழுதும்.
அழித்ததைச் சொல்லாது.
பதினெட்டு வருடம் பியெல் நகரசபை
அந்தச் சொல்லை நம்பி நாய்வரி வாங்கியது.
வீடு மாறியவர்களின் நாய்கள்
ஏன் காணாமற்போயின என்று யாரும் கேட்கவில்லை.

புதிய கிடங்குக்கு அந்தச் சொல் தெரியாது.
அது நம்மைத் திருப்பிக் கேட்கிறது:
மோதல் வந்தால் என்ன செய்யட்டும்?
எது எதோடு இடித்தால் மோதல்?

சனி இரவு, ஒன்று நாற்பது.
ஏரிப்பக்கமிருந்து ஏறிய பனிமூட்டம்
மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் நீல எழுத்துகளில்
பாதியைத் தின்றுவிட்டது.
நானும் ரேத்தோவும்,
அவன் கொண்டுவந்து ஆறிப்போன வெங்காயக் கேக்கும்.

முதல் ஓட்டத்தில் ஊர் பெருத்தது.
இங்கே ஒரே இடத்துக்கு இரண்டு பலகை:
ஜெர்மனில் பொட்சிங்கன், பிரெஞ்சில் பூஜான்.
ஒரே பல்வைத்தியர் இரண்டு பேராய் வந்து நின்றார்.
"முகவரியை விடு" என்றான் ரேத்தோ.
"பெயரும் பிறந்த திகதியும். அதுதான் திறப்பு."

இரண்டாம் ஓட்டம் சத்தமில்லாமல் முடிந்தது.
ஒரு பிழைகூட இல்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

எண்ணினேன். பதினொரு பேர் குறைவு.
பதினொருவரும் சனவரி ஒன்றாம் திகதிக்காரர்.

கடதாசி இல்லாமல் வந்தவர்களுக்குக்
கந்தோர் கொடுத்த பிறந்தநாள் அது.
வருடத்தை மட்டும் கேட்டார்கள்,
மிச்சத்தை அவர்களே நிரப்பினார்கள்.

கந்தப்பு மயில்வாகனம், 1.1.1968,
மாட்ரெட்ஷ், பஸ் ஓட்டுநர்.
கந்தப்பு மயில்வாகனம், 1.1.1968,
பூஜான், ஒரு நாய், பெயர் பீமன்.
பின்னால் வந்தவர்
முன்னால் நின்றவரைத் திருத்திவிட்டார்.
மாட்ரெட்ஷ் வீட்டில் இப்போது யாருமில்லை;
விளக்கு மட்டும் எரியும்,
மின்கட்டணம் வேறு கிடங்கு.

"மோதினால் ஒன்றும் செய்யாதே என்று போடலாமே?"
போடலாம்.
அப்போது பீமனுக்கு ஆளில்லை.

ரேத்தோ கேக்கைத் தள்ளிவைத்தான்.
"உன் பிறந்தநாள் எப்போது?" என்றான், திரையைப் பார்த்தபடி.
நான் பதில் சொல்லவில்லை.
என் பெயரோடு மோத
இந்த ஊரில் வேறு யாருமில்லை.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன்.

பழைய கிடங்கு அவரவர்க்குக் கொடுத்திருந்த
அர்த்தமில்லாத எண்ணையே திறப்பாக்கினோம்.
பெயரில்லை, நாளில்லை, தெருவில்லை.
இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்.

நான்கு பத்துக்குக் கணக்கு ஒத்தது.
இரண்டு மயில்வாகனங்களும் தள்ளித் தள்ளி இருந்தார்கள்.
பீமன் தன் ஆளோடு இருந்தான்,
இந்த வருட வரி கட்டாமல்.