பேச முடிகிற வேகம்

இருபத்தெட்டு வருடம்
வால்பரைசோவின் இந்த மலைப்படிகளில்
கேஸ் சிலிண்டர் சுமந்தவன் நான்.
இப்போது வெறுங்கையோடு
நாற்பது படி. அதுவும் நின்று நின்று.

"பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.
அதுதான் உங்கள் வேகம்.
நெஞ்சு இறுகினால் உட்காருங்கள், வீம்பு வேண்டாம்"
என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் ரொமினா.
பேச்சுத்துணைக்கு ஆளையும் அவளே சேர்த்துவிட்டாள்:
அன்செல்மோ, என் தங்கை கணவன்.
அவனுக்குப் போன மாதம்தான் ஸ்டென்ட்.
படகு விற்ற காசுத் தகராறில்
பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

துறைமுகத்து மூடுபனி விலகாத காலை.
பன்னிரண்டாம் படியில் அவன்தான் தொடங்கினான்:
"ரொட்டியில் உப்பே இல்லை."
மூச்சைப் பார்த்துக்கொண்டு நான்:
"என் வீட்டிலும்."
இருபதில், மாத்திரைகளின் நிறம்.
முப்பதில், சிகரெட்டை விட்டபின் வரும் கனவுகள்.
படகை இருவரும் தொடவில்லை.

முப்பத்தேழில்
என் வாக்கியம் பாதியில் அறுந்தது.
கேட்காமலே நின்றான்,
கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து,
களைத்தது தான்தான் என்பதுபோல்.

கீழே ஒரு கப்பல்
அவசரமில்லாமல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.
மிச்சம் மூன்று படி.
நாளைக்கு இருக்கட்டும் என்றேன்.

"எத்தனை மணிக்கு?" என்றான்.