கொஞ்சம் தள்ளிப் படும்

லிக்கோமாத் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில்
மருத்துவ உதவியாளர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:
குடல்வால் வெடித்திருக்கலாம்.
இங்கே கத்தி இல்லை. மயக்க மருந்து இல்லை.
விடிவதற்குள் அக்கரை.

அக்கரை என்றால் ஏரி.
ஏரி என்றால், எனக்கு,
நான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
வலையோடு போன பெனாயா.
வலை மட்டும் திரும்பி வந்தது.
அன்றிலிருந்து துணி துவைக்கவும்
கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை நான்.
குடிக்கிற குவளையைக்கூட
ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

ம்வாயிக்கு ஒன்பது வயது.
காயப்போட்ட உசிப்பா மீனைப் போல
வயிற்றைச் சுற்றி வளைந்து கிடந்தாள்.

கொழுந்தன் லுஃபெயோ எஞ்சினைத் தட்டிப் பார்த்தான்.
"ம்வேரா கிளம்பிவிட்டது, அண்ணி."
தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று.
அந்தப் பேரை என் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

தைரியம் எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டார்கள்.
வரவில்லை.
கால் நடுங்கியது.
நடுங்கிய காலையே படகுக்குள் எடுத்து வைத்தேன்.
என்னிடம் வேறு கால் இல்லை.

பாதி ஏரியில் அலை உள்ளே விழத் தொடங்கியது.
வாய் வெட்டிய மஞ்சள் கேன் ஒன்று,
மண்ணெண்ணெய் வாசம் போகாதது,
அதை என் கையில் திணித்தான்: இறையுங்கள்.
இறைத்தேன்.
ஜெபிக்கவும் பார்த்தேன்.
தாய்மார் சங்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுப்
பதினோரு வருடம் சொன்ன ஜெபம்,
ஒரு வரியும் நாக்குக்கு வரவில்லை.
வந்ததெல்லாம் கோபம்.

புயலில் தலையணை வைத்துத் தூங்கினவர்தானே நீர்?
பெனாயா கத்தின அன்றைக்கும் தூங்கினீரோ?
இத்தனை இரைச்சலில்
எப்படித்தான் கண் மூடுகிறது உமக்கு?

பதில் வரவில்லை. அலைதான் வந்தது.
இன்னொரு கேன்.
இன்னொரு கேன்.

நாற்பதோ ஐம்பதோ இறைத்திருப்பேன்.
குனிந்த இடத்தில் சட்டென்று உறைத்தது:
அவர் கரையிலா தூங்குகிறார்?
இந்தப் படகில் அல்லவா.
பலகை பிளந்தால்
நான் குடிக்கிற தண்ணீரைத்தான் அவரும் குடிப்பார்.
அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமை
பெனாயாவும் தனியாகப் போகவில்லை.

அழுதேனா, ஏரி தெறித்ததா, தெரியாது.
லுஃபெயோ திரும்பிப் பார்க்கும்படி
சத்தமாகவே சொன்னேன்:
எழுந்திருக்க வேண்டாம், ஆண்டவரே,
களைத்திருப்பீர்.
கொஞ்சம் தள்ளிப் படும்.
உம் முதுகுக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது,
நான் இறைக்க வேண்டும்.

காற்று அடங்கவில்லை.
ஞாயிறு ஆராதனையில் என் கதையைச் சொல்கிறவர்கள்
அடங்கிற்று என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.
அடங்கவில்லை.
எஞ்சின் இரண்டு முறை செத்தது.
ம்வாயி முனகுவதையும் நிறுத்தினாள்,
அது முனகலைவிட மோசம்.
என் பயமும் எங்கேயும் போய்விடவில்லை.
ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.
சின்னப் படகு.
ஏற்கெனவே நாங்கள் நாலு பேர்.

அக்கரையில் வெளிச்சம் வந்தபோது
யாரோ பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.
நீலக் கதவு ஒன்று சாத்தியது.
"கையில் இருப்பதைக் கீழே வையுங்கள், அம்மா,"
என்றாள் நர்ஸ்.
அப்போதுதான் பார்த்தேன், மஞ்சள் கேன்.
விரல் பிரியவில்லை.

ஜன்னலில் ஏரி தெரிந்தது.
பிழைத்தாலும் இழந்தாலும்
வீட்டுக்குப் போக அதே வழிதான்.

கதவு இன்னும் திறக்கவில்லை.
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்,
கேன் மடியில்,
பக்கத்தில்
ஒருவர் படுக்கும் அளவுக்கு
இடம் விட்டு.