கேட்காத படம்

டானிங்டன் இறக்கத்தில் ஆல்துரையின் மொபைல் கடை.
மெமரி கார்டை நீட்டி
"ஆதவ் பிரதாப் படம் ஏத்து" என்றால் ஏற்றுவான்.
முகம் மட்டும்
கொழுந்தில் முத்தல் பார்த்த மேஸ்திரி மாதிரி.

"உங்க ஆளு கோட்டு போடவே அஞ்சு நிமிஷம் எடுத்துக்குறான்க்கா,
நடிக்க எங்க நேரம்?"
நானும் விடமாட்டேன்.
நாளெல்லாம் சரிவில் நின்ற காலுக்கு
கோட்டு போடுறவன்தான்டா வேணும்.
அழுகிறவன் லயனில் வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான்.

கேட்ட ஐந்தோடு கேட்காத ஒன்றும் வரும்.
அதற்குக் காசு கிடையாது.
அப்படி வந்ததுதான் 'எடைமேடை'.
மூன்று நாள் ஓடியதாம், அதுவும் காலைக் காட்சி.
கதாநாயகன் சவரிராயன்.
பெயர் தெரியாது உங்களுக்கு, ஆளைப் பார்த்திருப்பீர்கள்:
பியூனாக,
கல்யாண வீட்டில் தட்டு தூக்குபவனாக,
முதல் சண்டையிலேயே குத்துப்பட்டுச் சாகும் வாட்ச்மேனாக.
இதில் லாரி நிறுக்கிற குமாஸ்தா.
நிறுக்கிறவன் என்றாலே எனக்கு ஆகாது,
மழை நாளில் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு பிடிப்பவன்
முகம்தான் வரும்.

வெளியே தேயிலைக்குள் காட்டெருமை மூச்சுவிடுகிறது.
கரண்ட் இல்லை. சார்ஜ் முப்பது.
முதல் அரைமணி ஒன்றும் நடக்கவில்லை.
லாரி வரும், எழுதுவான், லாரி போகும்.
பிறகு மகளிடமிருந்து ஒரு கடிதம்.
படித்து மடிக்கிறான்.
மடித்ததை இன்னொரு தரம் மடிக்கிறான்.
அடுத்த லாரியை வா என்று கை காட்டுகிறான்.
போர்வைக்குள் எனக்குத்தான் மூக்கடைத்தது.

கடைசியில் அவனே மேடையில் ஏறுகிறான்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
முகம் முள்ளைப் பார்க்கத் திரும்ப
நின்றுவிட்டது படம்.
சார்ஜ் இருந்தது, ஒன்பது.

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.
"முடிவு?"
"எனக்கும் அவ்ளோதான்க்கா. காப்பியே அங்க அறுந்திருக்கு.
நானூறு கார்டுல ஏத்திட்டேன்,
முழுசா பார்த்தவன் எவனாவது வந்து சொல்லமாட்டானான்னு."

பக்கத்து நிரை விக்டோரியா சொல்கிறாள்:
லாரி நிறுக்கும் மேடையில் ஓர் ஆளுக்கு
முள் அசையவே அசையாது, அதுதான் கதை.
அசையும் என்கிறேன் நான்.
இல்லையென்றால் செருப்பை எதற்குக் கழற்றினான்?
இரண்டு நாள் பேச்சில்லை எங்களுக்குள்.

போன ஞாயிறு மேட்டுப்பாளையத்தில்
மண்டி ஓரம் ஒரு மேடை. ஈ காக்கை இல்லை.
ஏறினேன்.
செருப்போடுதான், இரும்பு கொதித்தது.
முள்ளெல்லாம் இல்லை இப்போது, சிவப்பு எண்கள்.
ஐம்பது என்றது.
ஆஸ்பத்திரித் தராசில் நான் ஐம்பத்து நான்கு.
இங்கேயும் நாலு கிலோ
தண்ணீர்க் கழிவு.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
எதிரே கேமரா இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆல்துரையிடம் இன்னும் சொல்லவில்லை.
நானூற்று ஒன்றாவது ஆள் வரட்டும்.