ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் போனால்
முதலில் தெரிவது இருட்டு இல்லை.
நாலு தெருத் தறியும் ஒன்றாக நிற்கும்.
பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தவர்கள்
கத்திக்கொண்டிருந்தது தெரியவரும்.

அப்படி ஒரு மதியம்தான்
என் கம்ப்யூட்டரும் படுத்தது.
எழுந்தபோது கறுப்புத் திரையில்
ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தது:
இந்த டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த நேரம்
எதிர்காலத்தில் இருக்கிறது.

படித்தேன்.
படித்துவிட்டு உலை வைக்கப் போனேன்.
பழைய மெஷினுக்கென்றே உள்ள சின்ன லினக்ஸ்,
போட்ட நாளிலிருந்து ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.
எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டால்
சோறு எப்போது வடிப்பது?

சாயங்காலம் அப்டேட் கொடுத்தேன். மறுத்தது.
பட்டியல் இன்னும் செல்லாதாம்,
செல்லுபடியாக ஆறாயிரம் நாள் பாக்கியாம்.
பேங்க் பக்கம் பாதுகாப்பில்லை என்றது.
போன் ஒயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டினேன்.
ஆந்திரப் பிரதேசத்துக்கு வரவேற்கிறோம் என்று
போனுக்கு மெசேஜ் வந்தது.
நான் அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

அதற்குள் முனிரத்தினம் வந்துவிட்டான்,
மூன்றாம் நம்பர் தறி.
தங்கச்சிக்குச் சீமந்தம், ஐயாயிரம் வேண்டும்.
பழைய பாக்கியை முதலில் பார்ப்போம் என்று
ஷீட்டைத் திறந்தேன்.

பாக்கி: பூஜ்ஜியம்.

லோகநாதம், பூஜ்ஜியம்.
இரண்டு வருஷமாக இழுக்கும் அமராவதியின் நாற்பதாயிரம்,
பூஜ்ஜியம்.

இன்றுவரை கொடுத்ததைக் கூட்டு என்று
ஃபார்முலா எழுதியவள் நான்.
அது ஒழுங்காகத்தான் கூட்டியிருந்தது.
வலது மூலையில் மணி விடிகாலை ஐந்து,
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
அன்றைக்கு முனிரத்தினம்
அரை டிராயரில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் கடங்காரனே இல்லியேக்கா,
மெஷினுக்குத் தெரியுது பாருங்க.
அப்படியே ஒரு பிரிண்ட் போடுங்க."
போட்டேன், ஏன் என்று தெரியவில்லை.
நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் நகரிக்கு பஸ்.
வாட்ச் கடைக்காரர் செல்லைத் திருப்பிப் பார்த்து,
"ஏ வாச்சிகம்மா?" என்றார்.
வாச்சி காது, என்றேன்.
அதற்குமேல் எனக்குத் தெலுங்கு இல்லை.
காற்றில் ஒரு பெட்டி வரைந்து காட்டினேன்.
சுவர்க் கடிகாரம் என்று நினைத்து
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றினால்
உள்ளே முழுக்கத் தறிப் பஞ்சு, மூன்று நிறத்தில்.
ஊதினேன், தும்மினேன்,
ஊக்கால் நெம்பியதில் பழைய செல் எகிறி
அரிசி டின்னுக்கு அடியில் போனது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

தேதியைக் கையால் தட்டி என்டர் கொடுத்தேன்.
ஷீட்டைத் திறந்ததும்
எல்லாரும் ஒரே நொடியில் கடன்பட்டார்கள்.
முனிரத்தினம், பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
மூவாயிரம் கொடுத்தேன், இருபத்தோராயிரத்து ஐந்நூறு.

அன்று ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது.
இரண்டு தடவையும் எழுந்துபோய்
மூலையில் தேதி பார்த்தேன். சரியாக இருந்தது.
நிம்மதி என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை கூலி கொடுக்கப் போனேன்.
மூன்றாம் நம்பர் தறிச் சட்டத்தில்
அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது.
மேலெல்லாம் பஞ்சு படிந்திருக்க
பூஜ்ஜியத்தை மட்டும் யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.
நான் ஏதோ சொன்னேன்.
தறி ஓடிக்கொண்டிருந்தது.