வழுக்கியாற்றுச் சுற்று

முழங்காலுக்கு நடை நல்லதென்று வைத்தியர் சொன்னதிலிருந்து
ஞாயிறுதோறும் இந்தச் சுற்று.
கந்தரோடைக் குளக்கட்டு, கல் விகாரைகள்,
ஆற்றோரமாய்ச் சங்குவேலி,
பிறகு தார்வீதியால் வீடு.
ஐந்து கிலோமீற்றர் என்று அளந்தவள் யோகமலர்.
வங்கியில் காசாளர்,
எதையும் எண்ணாமல் விடாள்.

கம்பிவேலிக்குள் முருகைக்கல் மேடுகள்.
சில ஆளுயரம்,
சில, கவிழ்த்து வைத்த கிடாரம் அளவு.
நஞ்சுக் காளான் தின்று செத்த துறவிகள்
உள்ளே கிடப்பதாக ஒரு கதை.
பலகையில் மூன்று மொழி.
மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா
என்று நாங்கள் பார்த்ததில்லை.

யோகமலர் பெருவிரலை நாக்கில் தொட்டு
தாள் எண்ணுவதுபோல் எண்ணுவாள்.
இருபது.
போன கிழமை இருபத்தொன்று.
"அடித்தளம் மட்டும் மிஞ்சினதைக்
கணக்கில சேர்க்கிறதோ, விடுறதோ?"
நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு இருந்த பொடியன் பொலன்னறுவையாம்.
புரட்டாதி வெயிலில் ஒருநாள் கேட்டான்:
"அக்கா, ஆறு எங்கே?"
நெல் வெட்டிய தாளடிக்கு அப்பால்
மாடு படுத்திருந்த பள்ளத்தைக் காட்டினோம்.
சிரித்தான்.
மகாவலியைக் கண்டவன், சிரிக்கட்டும்.
எங்களுக்கும் கொஞ்சம் வெட்கம்தான்.

கார்த்திகை மூன்றாம் ஞாயிறு.
நாலு நாள் மழை விட்ட காலை.
மதகைக் காணவில்லை.
வரம்பைக் காணவில்லை.
செந்தண்ணி, சுருண்ட வைக்கோல்,
யாருடையவோ ஒற்றைச் செருப்பு,
எல்லாம் அராலிக் கடலுக்கு அவசரமாய்ப் போயின.
ஆள்காட்டி ஒன்று தலைக்குமேல் நின்று ஏசியது.
சங்குவேலிக்கு வழியில்லை.
வந்த வழியே திரும்பினோம்,
முதல் தடவையாக.

படலையில் பொடியனிடம் யோகமலர் சொன்னாள்:
"உம்மட ஆறு வந்திட்டுது."
"உம்மட" என்று ஏன் சொன்னாள், தெரியாது.
பூட்டைப் போட்டுவிட்டு எங்களோடு வந்தான்.
காற்சட்டையை முழங்கால்வரை மடித்து
தண்ணீருக்குள் ஒரு காலை வைத்து
உடனே எடுத்தான்.
"சீதலய்" என்றான்.
"சீதளம்" என்றாள் யோகமலர்.
அதற்குமேல் இரண்டு பேரிடமும் சொல் இல்லை.
மற்றக் காலையும் வைத்தான்.

திரும்பும்போது மேடுகளை மறுபடி எண்ணினாள்.
பின்பக்கமிருந்து பத்தொன்பது.
நின்று, மழைநீர் தேங்கிய ஒரு வட்டத்தைப் பார்த்தாள்.
அதைச் சேர்த்தாளா என்று நான் கேட்கவில்லை.
முழங்கால் நொந்தது.
இன்னும் இரண்டு கிலோமீற்றர்,
இரண்டரை என்றாள் அவள்.