யார் பங்கு

வரைபடத்தில் ஸ்கலோவுக்கு முதல் எழுத்துக்குத்தான் இடம்;
மீதிப் பெயர் பக்கத்துக் குன்றின்மேல் ஏறிக் கிடக்கிறது.
பதினொரு வீடு. கடை கிடையாது.
சிவப்புத் தபால்பெட்டிக்குள் நத்தை.
பேருந்து வியாழக்கிழமை வரும், வந்தால்.

குன்று முழுக்கச் சுண்ணாம்பு.
மழை விழுந்த இடத்திலேயே காணாமல் போகும்.
அக்டோபரில் பெய்தது
பிப்ரவரியில் ஹெஸ்டர் காக்சனின் கோழிக்கூண்டுக்கு அடியில்
யாரும் கூப்பிடாமல் எழுந்து வரும்,
மே மாதம் சொல்லாமல் போய்விடும்.
மூன்று மாத ஓடை.
அதைத்தான் எல்லை என்று வைத்தார்கள்:
கிழக்கே ஒரு பங்கு, மேற்கே ஒரு பங்கு,
பாதிரியார், கணக்குப்புத்தகம், கல்லறை எல்லாம் தனித்தனி.

நான் நிலத்தடி நீர் அளக்கிறவன்.
கிணற்றில் நாடாவை இறக்கி, மணி ஒலித்ததும் குறித்துக்கொள்வேன்.
வரலாறு என் வேலையில்லை.
ஆனால் ஹெஸ்டர் தேநீரோடு
1788-இன் பங்குக் கணக்கையும் நகலெடுத்து நீட்டினார்:

நிறைமாதக்காரி ஒருத்தியை
ஓடைக்கு அப்பால் கொண்டுவிட்ட கூலி, இரண்டு ஷில்லிங்.
அவளுக்கு ரொட்டி, ஒரு பென்னி.

பிள்ளை எந்தப் பங்கில் பிறக்கிறதோ
அந்தப் பங்குதான் சோறு போட வேண்டும். சட்டம்.
மேற்கே தள்ளினார்கள்.
மேற்கே நின்றவன் கிழக்கே தள்ளினான்.
ஆகஸ்ட். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை,
கூழாங்கல்லும் காஞ்சொறியும்தான்.
மூன்றாம் முறை தள்ளியபோது
அவள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கயிறு கொண்டுவந்து அளந்தார்கள்.
கிழக்கின் கயிறு மேற்கு என்றது,
மேற்கின் கயிறு கிழக்கு என்றது.
வழக்கு நாலு வருஷம்.
வக்கீல் தின்ற பணத்தில்
அந்தப் பிள்ளை கிழவனாகும் வரை சாப்பிட்டிருக்கலாம்.

தாயின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
பிள்ளைக்குக் குமாஸ்தா எழுதியது: ஜாப் போர்ன்.
போர்ன் என்றால் அந்தப் பக்கத்தில்
இப்படி வந்து போகும் ஓடை.
அவன் என்ன ஆனான் என்று கேட்டேன்.
"வேலி கட்டினான். இரண்டு கரைக்கும்," என்றார் ஹெஸ்டர்.
"கூலி மட்டும் முன்பணம்."

இன்று நீர்மட்டம் தரைக்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே.
மதகு அடைத்துக் கிடக்கிறது.
இரண்டு மாவட்ட மன்றமும் கடிதம் போட்டிருக்கின்றன,
மதகு எங்களுடையதல்ல என்று.
ஹெஸ்டர் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி
மேட்டுக்குக் கொண்டுபோகிறார்.
நான் இரண்டைப் பிடித்துக்கொண்டேன்.
ஒன்று கொத்தியது.